திங்கட்கிழமை ராத்திரிக் காய்ச்சல்

முதலில் டீயின் ருசிதான் மாறியது. நான் வேலை பார்த்த வெல்டிங் பட்டறை வாசலில் தினமும் குடிக்கிற அதே கடை, அதே டீ. வாயில் வைத்ததும் சாவிக்கொத்தைச் சப்பியது போல ஒரு அசட்டு இனிப்பு. "என்னண்ணே, சக்கரை மாத்திட்டீங்களா?" என்று மாஸ்டரிடம் கேட்டேன். ஏழு மணிக்குத் தொண்டை வறண்டு இருமல் வந்தது. எட்டரை மணிக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பல் தந்தியடிக்க, வீட்டுத் திண்ணையில் கிடந்தேன். 2003, சித்திரை மாதம். திருச்சி வெயிலில் சித்திரையில் கம்பளி கேட்டவனைப் பார்த்து அம்மாவுக்குக் கை நடுங்கியது.

நடுச்சாமம் வரை மூட்டுக்கு மூட்டு அடித்துப் போட்டது மாதிரி வலி. அப்புறம் பனியனைப் பிழியும் அளவுக்கு வேர்த்தது. விடிந்ததும் ஒன்றுமில்லை. நல்ல பசி. நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன்.

மேஸ்திரியிடம் சொன்னபோது சிரித்தார். "ஜிங்க் பூசின ஜி.ஐ. பைப்பை வெல்ட் அடிச்சேல்ல, அதான். எல்லாருக்கும் வர்றதுதான்டா தம்பி. ரெண்டு நாள்ல ஒடம்பு பழகிடும். பாலும் வாழப்பழமும் சாப்பிடு."

அவர் சொன்னது போலவே செவ்வாய்க்கிழமை அதே பைப்பை அடித்தும் காய்ச்சல் வரவில்லை. புதன், வியாழன், வெள்ளி, சனி எதுவும் இல்லை. பழகிவிட்டது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஞாயிறு லீவு. திங்கள் ராத்திரி மறுபடியும் கம்பளி.

நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைக்கு ஷெட் போடும் வேலை அது. மொத்தமும் துத்தநாகம், அதாவது ஜிங்க், பூசிய ஜி.ஐ. பைப். ஆறு வாரம் ஓடியது. நாலாவது திங்கட்கிழமைதான் எனக்கு உறைத்தது: காய்ச்சல் வேலையோடு மட்டும் வருவதில்லை, லீவோடு சேர்ந்து வருகிறது. ஆனால் அதை என்னவென்று யாரிடம் கேட்பது? தெருமுனை டாக்டர் 'வைரல் ஃபீவர்' என்று ஊசி போட்டார். ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். வெள்ளை அணுக்கள் கூடியிருந்தன. கிருமித் தொற்று என்று ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காய்ச்சலுக்கும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருவருமே நினைத்திருப்போம்.

ஜி.ஐ. பைப்பில் வெல்டிங் ராடைத் தொட்டால் என்ன ஆகிறது என்பதை வெல்டர் அல்லாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். இரும்பு உருக சுமார் 1500 டிகிரி வேண்டும். மேலே பூசிய துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அதனால் இரும்பு உருகி ஒட்டுவதற்குள் துத்தநாகம் கொதித்துக் கிளம்பிவிடுகிறது. ராடு நுனியில் எரியும் மின்சுடர்தான் ஆர்க். அதன் ஓரத்தில் பச்சையும் வெள்ளையுமாய் ஒரு சுவாலை. அதிலிருந்து கெட்டியான வெள்ளைப் புகை. கொஞ்ச நேரத்தில் ஷெட்டுக்குள் இலவம்பஞ்சு மாதிரி, அறுந்த சிலந்தி வலை மாதிரி, மெல்லிய வெள்ளை இழைகள் மிதக்கும். அது துத்தநாக ஆக்சைடு. ஷீல்டைத் தூக்கினால் புருவத்தில், கைரோமத்தில், மூக்கு நுனியில் எல்லாம் உட்கார்ந்திருக்கும். ஹெல்பர் பையன் என்னைப் பார்த்து "அண்ணே, கெழவனாயிட்டீங்க" என்பான். வெளியே தெரிந்த அந்தப் பஞ்சைவிடக் கண்ணுக்கே தெரியாத பொடிதான் நெஞ்சுக்குள் போனது. வெல்டிங் புகையின் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும், சிறியவை. மூக்கு வடிகட்டாது, கட்டியிருந்த கர்சீப்பும் வடிகட்டாது. நேராக நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போய் உட்காரும்.

அங்கே நடந்ததை நான் தெரிந்துகொண்டது பதினொரு வருடம் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

2014 நவம்பர். அடைமழை. அப்போது வேறொரு பட்டறையில் இருந்தேன். பெரிய தண்ணீர்த் தொட்டி ஒன்றை உள்ளே இறங்கி வெல்ட் அடிக்கும் வேலை, கார்பன் டை ஆக்சைடு வாயுவை விட்டு அடிக்கும் சி.ஓ.டூ. மெஷினில், பத்து நாள். உள்ளே இறங்க ஒரு ஓட்டை, காற்றுக்கும் அதே ஓட்டைதான். மழை என்பதால் அதையும் பாதி தார்பாயால் மூடியிருந்தார்கள். சாயங்காலம் மேலே ஏறும்போது தலை வெடிக்கும். எச்சில் கறுப்பாய் வரும். பதினோராம் நாள் காய்ச்சல். வழக்கமானதுதான், விடிந்தால் போய்விடும் என்று படுத்தேன். விடிந்தது, போகவில்லை. மூன்றாம் நாள் வலப்பக்க விலாவில் மூச்சு இழுத்தால் கத்தியால் குத்துகிற வலி. துரு நிறத்தில் சளி. என் மனைவி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினாள்.

நிமோனியா. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பாகம் முழுக்க வெள்ளை. ஒன்பது நாள் படுக்கை, அதில் நாலு நாள் ஆக்சிஜன். வயது 36. சர்க்கரை இல்லை, குடி இல்லை. பீடியை மூன்று வருடம் முன்பே விட்டிருந்தேன். "இந்த வயசுல, இவ்வளவு திடமா இருக்கற ஆளுக்கு ஏன் இப்படி?" என்று நெஞ்சு டாக்டர் யோசித்தார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார். பதினாறு வருட வெல்டிங் வாழ்க்கையில் ஒரு டாக்டர் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல்முறை.

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பழைய திங்கட்கிழமைக் காய்ச்சலையும் சொன்னேன். அவருக்கு அதன் பெயரே தெரிந்திருந்தது. உலோகப் புகைக் காய்ச்சல். வெளிநாட்டுப் பட்டறைகளிலும் அதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்றே சொல்கிறார்களாம்.

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நுரையீரலின் காற்றுப்பைகளில் மேக்ரோஃபேஜ் என்று ஒருவகை அணுக்கள் உண்டு. துப்புரவும் காவலும் அவற்றின் வேலை. தூசு வந்தால் விழுங்கும், கிருமி வந்தால் விழுங்கும், சமாளிக்க முடியாவிட்டால் ரத்தத்துக்கு ஆள் அனுப்பும். துத்தநாகப் பொடி மொத்தமாக வந்து விழுந்ததும் கிருமிப் படையே வந்துவிட்டதாக அவை கூப்பாடு போடுகின்றன. சைட்டோகைன் என்ற ரசாயனங்களை அள்ளி விடுகின்றன. அந்தத் தகவல் மூளைக்குப் போய்க் காய்ச்சலாகிறது, தசைக்குப் போய் வலியாகிறது. ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்கள் கூட்டமாக நுரையீரலுக்குள் இறங்குகின்றன. இதற்கெல்லாம் சில மணி நேரம் ஆகும். காலையில் அடித்த பைப்புக்கு ராத்திரி குளிர் வருவது அதனால்தான். கிருமியே இல்லாத காய்ச்சல். என் வெள்ளை அணுக் கணக்கு கூடியிருந்ததும், நான் தின்ற ஆன்டிபயாடிக் வீணாய்ப் போனதும் அப்போதுதான் விளங்கியது.

"அப்ப செவ்வாய்க்கிழமை ஏன் சார் வரல? ஒடம்பு பழகிடுதுன்னு சொல்வாங்களே?"

"கூப்பாடு போட்டவனுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. பொடி அதே பொடிதான, உள்ள போயிட்டுதான் இருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் லீவு விட்டா தொண்டை சரியாகும், திங்கக்கிழமை மறுபடி கத்துவான்."

அந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை. பட்டறையில் எதற்கெடுத்தாலும் 'பழகிடும்' என்போம். புகை பழகிடும், சூடு பழகிடும், கண்ணில் ஆர்க் அடித்தால்கூட உருளைக்கிழங்கு வெட்டி வைத்துக்கொண்டு படுத்தால் பழகிடும். பழகாதவனைச் சொங்கி என்போம். காவல்காரன் கத்துவதை நிறுத்தியதைப் போய் நான் பலம் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிமோனியா வேறு கதை. அது நிஜக் கிருமி. நிமோகாக்கஸ் என்ற அந்தக் கிருமி நம்மில் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் சும்மாவே உட்கார்ந்திருக்குமாம். இறங்க விடாமல் தடுப்பதுதான் உடம்பின் வேலை. மூச்சுக்குழாய் நெடுக மெல்லிய மயிரிழைகள் அசைந்து அசைந்து சளியையும் தூசையும் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். வெல்டிங்கில் வரும் ஓசோன், நைட்ரஜன் டை ஆக்சைடு போன்ற வாயுக்கள் அந்தப் பாதையைப் புண்ணாக்கும், விழுங்கும் அணுக்களையும் மந்தமாக்கும். அதோடு இரும்புப் புகை. பாக்டீரியா வளர இரும்பு வேண்டும். உடம்பு அதைக் கிருமிக்குக் கிடைக்காமல் பூட்டி வைக்கப் பார்க்கிறது. நாமோ தினம் கைநிறைய உள்ளே தூவிக் கொடுக்கிறோம். போதாததற்கு, மூச்சுக்குழாய் அணுக்களின் மேல் கிருமி பிடித்து ஏற ஒரு கொக்கி உண்டு. உலோகப் புகை பட்டால் அந்தக் கொக்கி கூடுகிறது என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன்.

என் நிமோனியா அந்தத் தொட்டியால்தான் வந்தது என்று டாக்டர் சொல்லவில்லை. "உறுதியா சொல்ல முடியாது. ஆனா வெல்டர்களுக்கு இது ஜாஸ்திங்கறது புதுசு இல்ல" என்றார். பிரிட்டனில் எந்தத் தொழில் பார்த்தவர் எதனால் இறந்தார் என்று கணக்கு வைக்கிறார்கள். அதில் 1950 வாக்கிலிருந்தே வெல்டர்கள் நிமோனியாவில் சாவது மற்றவர்களைவிட அதிகமாக இருந்திருக்கிறது. அந்த அதிகம் வேலை பார்க்கும் வயதோடு நின்றுவிடுகிறது, ஓய்வு பெற்ற வெல்டர்களிடம் இல்லை. புகையை விட்டு விலகினால் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்று அர்த்தம். கட்டிலில் கிடந்தவனுக்கு அதுதான் மருந்தாய் இருந்தது.

பிற்பாடு 2015-ல் பெல்ஃபாஸ்டில் எண்ணெய்த் துரப்பண மேடையைப் பழுதுபார்த்தவர்களிடமும், 2019-ல் பின்லாந்தின் துர்க்கு கப்பல் கட்டும் தளத்தில் 30-க்கும் மேற்பட்டவர்களிடமும் இதே கிருமி கூட்டமாய்ப் பரவிய செய்திகளைப் படித்தேன். புகையும் நெருக்கமும் சேர்ந்த இடங்கள். சித்திரையில் கம்பளி போர்த்திய ஆளுக்கு, பனி கொட்டும் ஊரில் எவனோ ஒரு வெல்டர் நம்மைப் போலவே கறுப்பாய்த் துப்பிக்கொண்டிருப்பான் என்று நினைக்க விசித்திரமாய்த்தான் இருந்தது.

2016-ல் கடன் வாங்கிச் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டேன். இப்போது ஏழு பேர். திருச்சி பாய்லர் ஊர். வெல்டிங்குக்கென்றே 1975-ல் ஆராய்ச்சி நிறுவனம் வந்த ஊர். இங்கே நல்ல வெல்டர் கிடைப்பது கஷ்டமில்லை, புகைக்குப் பயப்படுகிற வெல்டரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். என் ஆட்களிடம் 'எதிர்ப்பு சக்தி குறையும்' என்றால், "அதுக்குத்தான்ணே கபசுரக் குடிநீர்" என்பார்கள். கொரோனா சமயத்தில் ஒருவன் எதிர்ப்பு சக்திக்கென்று தினம் துத்தநாக மாத்திரை போட்டுக்கொண்டு, பகலெல்லாம் துத்தநாகப் பைப்பை முகக்கவசமில்லாமல் வெல்ட் அடித்தான். வயிற்றுக்குள் போகிற துத்தநாகம் வேறு, நெஞ்சுக்குள் போகிற துத்தநாகம் வேறு என்று அவனுக்குப் புரியவைக்க எனக்கு ரெண்டு டீ செலவானது.

பால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பால் நல்லதுதான், குடியுங்கள். ஆனால் அது போவது இரைப்பைக்கு, புகை போவது நுரையீரலுக்கு. நடுவில் இரண்டும் சந்திக்கவே இல்லை. வாழைப்பழமும் அப்படித்தான். சில முதலாளிகள் தினம் அரை லிட்டர் பால் கொடுத்துவிட்டுப் பாதுகாப்புச் செலவு முடிந்தது என்று கணக்கெழுதுவார்கள். அந்தப் பால் காசைச் சேர்த்து வைத்தாலே ஒரு புகை உறிஞ்சி வாங்கலாம்.

நான் வாங்கவில்லை, நாங்களே செய்தோம். பழைய அரை ஹெச்பி புளோயர் ஒன்று கிடந்தது. உறிஞ்சும் பக்கத்தில் ஆறு அங்குல ஃப்ளெக்ஸிபிள் ஹோஸ், வீசும் பக்கத்தைச் சுவரைத் துளைத்துக் கூரைக்கு மேலே விட்டோம். பையன்கள் அதற்குத் தும்பிக்கை என்று பெயர் வைத்தார்கள். முதல் வாரம் அது சத்தம் போட்டதே தவிர வேலை செய்யவில்லை. ஹோஸின் வாய் வேலையிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இருந்தது. ஒருநாள் சாமி படத்துக்கு ஏற்றிய ஊதுபத்தியை எடுத்து ஹோஸ் பக்கத்தில் காட்டினேன். ஒன்றரை அடியில் ஊதுபத்திப் புகை தன்பாட்டுக்கு மேலே போகிறது. கிட்டக் கொண்டுபோகக் கொண்டுபோக, ஐந்தாறு அங்குலத்தில்தான் வளைந்து உள்ளே போகிறது. ஊதுவது தூரம் போகும், உறிஞ்சுவது போகாது. குழாயின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் தள்ளிப் போனாலே இழுவை பத்தில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. அன்றிலிருந்து ஹோஸ் வாயில் காந்தம் வைத்து, வெல்ட் அடிக்கும் இடத்துக்கு அருகிலேயே ஒட்டிக்கொள்கிறோம். ஆனால் சி.ஓ.டூ. வேலையிலும், ஆர்கான் வாயு விட்டு அடிக்கும் டிக் வேலையிலும் ரொம்பக் கிட்ட வைத்தால் வெல்டைக் காற்றுப் படாமல் காக்கும் கேஸையே இழுத்துவிடும், வெல்டில் ஓட்டை விழும். ஊதுபத்தி வைத்துப் பார்த்துப் பார்த்து அவரவரே தூரம் கண்டுபிடிக்க வேண்டியதுதான்.

தும்பிக்கை எட்டாத இடத்தில் பெடஸ்டல் ஃபேன். அதை முதுகுக்குப் பின்னால் வைக்கிறவர்கள்தான் அதிகம். அப்படி வைத்தால் காற்று உங்கள் உடம்பில் மோதிச் சுழன்று, புகையை மறுபடி முகத்துக்கே கொண்டுவரும். பக்கவாட்டில் வையுங்கள், புகை வாசலைப் பார்த்துப் போகட்டும். இன்னொன்று தலை. புது வெல்டர் கண்ணாடிக்குள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று குனிந்து குனிந்து புகைக்குள்ளேயே தலையை வைத்திருப்பான். வெளிச்சம் போதாமல்தான் குனிகிறான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு வைத்ததும் தலை தானாக நிமிர்ந்தது. செலவே இல்லாத வைத்தியம்.

ஜி.ஐ. வேலை வந்தால் ஜாயின்டுக்கு இருபுறமும் ரெண்டு மூன்று அங்குலத்துக்கு ஏஜி-4 கிரைண்டிங் மெஷினால் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் ராடைத் தொட வேண்டும். தேய்க்கும்போதும் முகக்கவசம் வேண்டும். வெல்ட் முடிந்ததும் அந்த இடத்தில் ஜிங்க் பெயின்ட். நேரம் கூடும். கொட்டேஷனிலேயே அதைத் தனி வரியாகப் போட்டுவிடுகிறேன். ரெண்டு ஆர்டர் அதனால் கை நழுவியது உண்மைதான்.

முகக்கவசத்தில் ஒரு குழப்பம் எல்லாருக்கும் இருக்கிறது. என்-95 புகையின் துகளைப் பிடிக்கும், முகத்தோடு ஒட்டிப் பொருந்தியிருந்தால். தாடி இருந்தால் ஓரத்தில் புகுந்துவிடும். ஆனால் வாயுவை அது பிடிக்காது. கரி அடுக்கு வைத்த வெல்டிங் முகக்கவசம் ஓசோனைக் கொஞ்சம் குறைக்கும். கார்பன் மோனாக்சைடை அதுவும் ஒன்றும் செய்யாது. 2014-ல் தொட்டிக்குள் எனக்கு வந்த தலைவலிக்கு அந்த வாயு காரணமாக இருந்திருக்கலாம். சி.ஓ.டூ. ஆர்க் சூட்டில் உடைந்து கார்பன் மோனாக்சைடாகும். தொட்டி, பள்ளம், பெரிய குழாய் என்றால் வெளியிலிருந்து காற்றை உள்ளே தள்ள வேண்டும், மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆர்கான் காற்றைவிடக் கனம். பள்ளத்தில் தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும், வாடையே இருக்காது. இதைவிட மோசம், 'உள்ள காத்து இல்ல, கொஞ்சம் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து விடுடா' என்பது. என் காதால் கேட்டிருக்கிறேன். ஆக்சிஜன் நிறைந்த இடத்தில் ஒரு பொறி பட்டால் சட்டை காகிதம் மாதிரி எரியும். செய்யவே கூடாது.

புகை தெரியாத வேலைதான் ஏமாற்றும். ஸ்டெயின்லெஸ், அலுமினியத்தில் டிக் அடித்தால் புகை குறைவு, பார்க்க அவ்வளவு சுத்தம். ஆனால் ஆர்க்கின் புற ஊதா ஒளியைத் தடுக்கப் புகை இல்லாததால் சுற்றியுள்ள காற்றில் ஓசோன் கூடும். ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில் வரும் அந்தக் காரமான வாடை. கேஸ் ஃப்ளேமால் பெரிய தகட்டை மூடிய இடத்தில் சூடு பண்ணினால் நைட்ரஜன் டை ஆக்சைடு. அது அப்போதைக்குத் தொண்டைக் கரகரப்போடு நிற்கும், வீட்டுக்குப் போய்ப் பல மணி நேரம் கழித்துத்தான் மூச்சுத் திணறும். அப்படித் திணறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். குளோரின் கலந்த கிரீஸ் கிளீனரால் துடைத்த உலோகத்தைக் காயவிடாமல் வெல்ட் அடித்தால் ஃபாஸ்ஜீன் வரும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற வாயு அதுதான். அந்த டப்பாவை வெல்டிங் ஷெட்டுக்குள் நான் அனுமதிப்பதே இல்லை.

இதுவரை சொன்னது காவல் தளர்ந்துபோகும் கதை. காவல் வெறிபிடித்துப் போகும் கதையும் ஒன்று உண்டு. என் கூட்டாளி ஒருவர், ஓட்டல் சமையலறைக்கான ஸ்டெயின்லெஸ் மேஜை, தொட்டி எல்லாம் செய்வதில் கெட்டிக்காரர். 2018 வாக்கில் ராத்திரி இருமலும் இழுப்பும் ஆரம்பித்தது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றதும் சளிப் பரிசோதனை செய்தார்கள், காசநோய் இல்லை. மாத்திரை, கஷாயம் எல்லாம் ஓடின. பொங்கலுக்கு ஊருக்குப் போய் எட்டு நாள் இருந்தபோது இழுப்பு சுத்தமாக இல்லை. திரும்பி வந்த ரெண்டாம் நாள் மறுபடி. "ஊர்த் தண்ணிதான்டா காரணம்" என்றார். எனக்குப் பழைய திங்கட்கிழமை ஞாபகம் வந்தது. அவரை என் நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கச் சொன்னார். சில நூறு ரூபாய்தான், ஊதினால் முள் நகரும் பிளாஸ்டிக் குழல். ஒரு நாளைக்கு நாலு தடவை ஊதி எண்ணை எழுத வேண்டும், வேலை நாளிலும் லீவு நாளிலும், சில வாரங்களுக்கு. டெய்லி காலண்டரின் பின்பக்கம் எழுதினார். லீவில் ஏறி, வேலையில் இறங்கி, மறுபடி லீவில் ஏறிய அந்தக் கோடு படிக்காதவனுக்கும் புரியும். தொழில்வழி ஆஸ்துமா. ஸ்டெயின்லெஸ் புகையில் இருக்கும் குரோமியம், நிக்கலை அவர் உடம்பின் எதிர்ப்பு சக்தி எதிரியாகக் குறித்து வைத்துக்கொண்டது. அப்படிக் குறித்துக்கொண்டால் அப்புறம் துளி போதும், குழாய் இறுகிவிடும். இங்கே 'பழகிடும்' என்பது தலைகீழ். நாள் ஆக ஆகக் கூடும். சீக்கிரம் விலகினவர்களுக்குக் குணமாகும் வாய்ப்பு அதிகம், இழுத்தடித்தால் வேலையை விட்ட பின்னும் ஆஸ்துமா கூடவே வரும்.

நாற்பது வயதில் வெல்டிங் டார்ச்சைக் கீழே வைப்பது சுலபமில்லை. மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. இப்போது என் பட்டறையில் அளவெடுப்பது, கட்டிங் பிளான், பில் எல்லாம் அவர்தான். வெல்ட் நடக்கும் ஷெட்டுக்கும் அவர் அறைக்கும் நடுவே ஒரு சுவர்.

இதே வகை ஆபத்து பெயின்டிலும் இருக்கிறது. ரெண்டு டப்பாவைக் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயின்டின் ஹார்டனரில், அதாவது பெயின்டை இறுகவைக்கும் டப்பாவில், ஐசோசயனேட் என்ற ரசாயனம் உண்டு. உலகம் முழுக்கத் தொழில்வழி ஆஸ்துமாவுக்குப் பேர்போன காரணம் அது. 1984-ல் போபாலில் கசிந்ததும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்றுதான், ஆனால் அதைவிட வெகு வேகமாக ஆவியாகும் வகை. பெயின்ட் ஸ்பிரே செய்யும்போது பனியாய் வருவதால் இதுவும் நெஞ்சுக்குள் போய்விடுகிறது. பெயின்ட் வேலையை வெளியே கொடுத்துவிட்டேன். ஆபத்தை அடுத்தவன் தலையில் தள்ளிவிட்டேனோ என்ற உறுத்தல் இருக்கிறது. அந்தப் பெயின்டரிடம் போய்ச் சொன்னேன். "இருபது வருசமா அடிக்கறேன், ஒண்ணும் ஆகல" என்றார்.

டாக்டரிடம் போகிறவர்களுக்கு ஒன்று. அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: என்ன உலோகம், என்ன மெஷின், மூடிய இடமா, லீவில் குறைகிறதா. ஓ.பி. சீட்டில் 'வெல்டர்' என்று எழுதச் சொல்லுங்கள். ஈஎஸ்ஐ கார்டு இருப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். தொழில்வழி நோய்களுக்கென்று சட்டத்தில் தனிப் பட்டியலே இருக்கிறது, ஆனால் வேலைக்கும் நோய்க்கும் சம்பந்தம் காட்ட நாள்பட்ட எழுத்து வேண்டும். எனக்கு 2003-லிருந்து ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. மாசாமாசம் சம்பளத்தில் பிடித்தார்கள், நான் கார்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தேன்.

அப்புறம் தடுப்பூசி. நிமோகாக்கஸுக்கு ஊசி இருக்கிறது. உலோகப் புகையில் அடிக்கடி வேலை பார்ப்பவர்கள் போட்டுக்கொள்ளலாம் என்று பிரிட்டனில் அரசே பரிந்துரைக்கிறது. இங்கே குழந்தைகளுக்கு அரசு இலவசமாகப் போடுகிறது, பெரியவர்கள் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். சில ஆயிரம் ஆகும். யாருக்கு எது என்பதை டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஊசி அந்த ஒரு கிருமிக்குத்தான், புகைக்கு இல்லை. வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் முதல் பிரிவிலேயே சேர்த்துவிட்டது. அதனால் ஊசி போட்டாலும் தும்பிக்கை ஓடித்தான் ஆக வேண்டும்.

நான் 2015-லேயே போட்டுக்கொண்டேன். போன ஆடியில் பட்டறைக் காசில் எல்லாருக்கும் போடலாம் என்றேன். ஏழு பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள். ஒருவனுக்கு ஊசி என்றாலே பயம், 440 வோல்ட் லைனை வெறுங்கையால் முறுக்குகிறவன். இன்னொருவன் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவன் இன்னும் சொல்லவில்லை. மற்ற இருவருக்கும் அது ஏதோ கொரோனா ஊசி என்று நினைப்பு. தை பிறந்தால் கரூர் பக்கம் ஒரு ஷெட் வேலை, முழுக்க ஜி.ஐ. அதற்குள் இந்த நாலு பேரையும் எப்படியாவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். தும்பிக்கையின் பேரிங் வேறு ஒரு வாரமாக ஊளையிடுகிறது, நாளைக்கு மாற்றணும்.